கடிகாரத்துக்குப் பின்னால் கண்ணாடி

வியாழக்கிழமை சாயங்காலம் தம்பியிடமிருந்து போன் வந்தது. நாலு வருஷத்தில் அதுதான் முதல் போன்.

"ஞாயிற்றுக்கிழமை உங்க ஊர் வழியாத்தான் போறேன். மூணு மணிக்கு அடுத்த ரயில். நடுவுல நாலு மணி நேரம் இருக்கு. வீட்டுக்கு வரலாங்களா?"

வரலாங்களா! என் பின்னலைப் பிடித்து இழுத்தே வளர்ந்தவன், என்னை 'போடி' என்பதைத் தவிர வேறு மாதிரி கூப்பிட்டுப் பழக்கமில்லாதவன், பல் டாக்டரிடம் நேரம் கேட்பது போலக் கேட்டான். "சாப்பிட வாடா" என்றேன். சரி என்று வைத்துவிட்டான்.

அந்த நாலு வருஷத்துக்கும் காரணம் என் வாய்தான். அப்பா இறந்தபோது தம்பி வெளியூரில் ஒரு பெரிய கட்டடத்தில் லிஃப்ட் மாட்டிக்கொண்டிருந்தான். லிஃப்ட் மெக்கானிக்குக்கு இன்றைக்கு ஒரு ஊர், நாளைக்கு ஒரு ஊர். அந்த வாரம் பார்த்து வெள்ளம் வந்து ரயில் பாதையை மூடிவிட்டார்கள். பாதி வழி லாரியிலும் மீதி வழி நடந்துமாக அவன் வந்து சேர்ந்தபோது அப்பாவை எடுத்து இரண்டு நாள் ஆகியிருந்தது. ரயில் ஓடவில்லை என்பது எனக்குத் தெரியும், செய்தியில் கேட்டிருந்தேன். ஆனாலும் நனைந்த பையோடு வாசலில் நின்றவனைப் பார்த்ததும், "சொன்ன இடத்துல ஒரு நாளாவது உட்கார்ந்திருக்கியாடா நீ? அப்பா உனக்காக எவ்வளவு நேரம் வாசலையே பார்த்துக்கிட்டிருந்தாரு தெரியுமா?" என்று கேட்டுவிட்டேன். சுற்றிலும் பத்துப் பேர் இருந்தார்கள். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. பையைக் கீழே வைக்காமலே திரும்பிப் போய்விட்டான்.

மன்னிப்புக் கேட்க நான் பலமுறை போனைக் கையில் எடுத்ததுண்டு. எண்ணை அழுத்துவதற்குள் கை தானாக இறங்கிவிடும். ஊரில் உள்ள எல்லோரையும் அதட்டத் தெரிந்த எனக்கு, இந்த ஒரு வார்த்தை மட்டும் வாயில் வருவதில்லை. எனவே, சமையலில் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். அவன் வரும்போது அப்பாவின் உருளைக்கிழங்கு ரோஸ்ட் மேஜைமேல் இருக்க வேண்டும். அதை ஒரு வாய் கடித்தானென்றால் மீதியை அவனே புரிந்துகொள்வான். பிறகு மூணு மணிக்கு ரயிலேறிப் போனாலும், மறுபடி வருவான்.

அதில் ஒரே ஒரு சிக்கல். அந்த ரோஸ்ட் எனக்கு ஒருமுறைகூட ஒழுங்காக வந்ததில்லை.

அப்பா ஒரு ஓட்டல் லாண்டிரியில் வேலை பார்த்தார். வாரத்தில் ஆறு நாள் ஆவி மெஷினில் படுக்கை விரிப்புகளைத் தேய்ப்பார். ஏழாம் நாள் அவர்தான் சமையல். பெரிய உருளைக்கிழங்குகளைத் தோல் சீவி, ஒவ்வொன்றையும் நாலு துண்டாக வெட்டி, உப்புத் தண்ணீரில் ஓரம் கரையத் தொடங்கும் வரை வேகவைப்பார். தண்ணீரை வடித்து, ஈரம் போகச் சற்று நேரம் அப்படியே விடுவார். பிறகு பாத்திரத்தை மூடி இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்குவார். ஓரமெல்லாம் உதிர்ந்து துண்டுகள் மாவில் புரட்டியது மாதிரி ஆகிவிடும். அந்தக் குலுக்கலில் அவர் தொப்பையும் சேர்ந்து குலுங்கும். நானும் தம்பியும் அதற்காகவே பக்கத்தில் நிற்போம். ஓவனுக்குள் ட்ரேயில் எண்ணெய் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருக்கும். துண்டுகளை ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் அதில் அடுக்கும்போது 'சுர்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்கு ஞாயிற்றுக்கிழமை.

இதுவரைக்கும் அப்பாவின் ராஜ்ஜியம். ஓவன் அம்மாவுடையது. சித்தி ஒருத்தி வீடு மாறும்போது அம்மாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனது. அதன் கதவில் ஸ்பிரிங் போய்விட்டது, விட்டால் வாயைப் பிளந்துகொள்ளும். அதனால் கதவோடு ஒரு முக்காலியை ஒட்டிப் போட்டு, அது நகராமல் இருக்க ஒரு ஆள் மேலே உட்கார வேண்டும். அம்மாவின் சட்டம் ஒன்றே ஒன்று. "ஒரு மணி நேரத்துக்கு எவரும் கதவைத் திறக்கக் கூடாது. சூடு போயிடும்."

அந்த முக்காலியில் அப்பா எப்போதும் தம்பியைத்தான் உட்கார வைப்பார். அவனோ ஒரு நிமிஷம் ஓரிடத்தில் இருக்க மாட்டான். அப்பாவே அவனுக்குச் 'சக்கரம்' என்று பெயர் வைத்திருந்தார். எனக்குச் 'சூப்பிரண்டு' என்று பெயர். உட்காரு என்றால் உட்காருகிற, கேட்ட கேள்விக்கு உள்ளதை உள்ளபடி சொல்கிற என்னை விட்டுவிட்டு, அந்தச் சக்கரத்துக்கு எதற்கு அந்த வேலை? குளிர் நாளில் முதுகுக்கு இதமான இடம் வேறு. எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும். அவன் திருட்டுத்தனமாகக் கதவைத் திறக்கிறான் என்பதும் தெரியும், ஏனென்றால் சமையலறை ஜன்னல் கண்ணாடியில் ஆவி படிந்திருக்கும். அம்மா அதைப் பார்த்துவிட்டு அவன் காதைத் திருகுவாள். போதாததற்கு நான் கையில் கிள்ளுவேன். அவன் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பான்.

ஒரே ஒரு வாரம் எனக்கு அந்த முக்காலி கிடைத்தது. தம்பிக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து கன்னம் இரண்டும் பூசணி மாதிரி ஆகியிருந்தது. ஒரு மணி நேரம் நான் சிலையாக உட்கார்ந்திருந்தேன். இன்றைக்குத்தான் உண்மையான ரோஸ்ட் எப்படி இருக்கும் என்று எல்லோரும் பார்க்கப் போகிறார்கள் என்று எனக்குள் ஒரே பெருமை. மேஜைக்கு வந்த கிழங்கு பார்க்கப் பொன்னிறமாக இருந்தது, கடித்தால் தோல் செருப்பு. அப்பா முழுவதையும் சாப்பிட்டுவிட்டு, "நல்லா வெந்திருக்கும்மா" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கன்னத்தில் துணி கட்டியிருந்த தம்பியைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு வந்து முக்காலியில் உட்கார வைத்தார். நான் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அப்பாவைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். வாரம் பூராவும் பத்திரமாக இருக்கும் அவருடைய மூக்குக் கண்ணாடி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு முறை தொலைந்துபோகும். முன்னறையிலிருந்து "என் கண்ணாடியைக் காணோமே!" என்று குரல் கொடுப்பார். அம்மாவும் நானும் ஓடுவோம். "தலையை மட்டும்தான் இன்னும் தொலைக்கலை" என்று அம்மா திட்டிக்கொண்டே தேடுவாள். செருப்புக்குள், பேப்பர் மடிப்பில், தலையணை உறைக்குள் என்று எங்கேயாவது இருக்கும். ஒருமுறை அலமாரிக் கடிகாரத்துக்குப் பின்னால் இருந்தது. கண்டுபிடிப்பது பெரும்பாலும் நான்தான். "சூப்பிரண்டு கண்ணுக்கு எதுவும் தப்பாதுப்பா" என்பார் அப்பா.

சரி, இந்தக் கதைக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை ஒரு ட்ரே செய்து பார்த்தேன். சனிக்கிழமை காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. அப்பா செய்தபடியே வேகவைத்தேன், உலர்த்தினேன், குலுக்கினேன், எண்ணெயைக் கொதிக்க வைத்தேன். என் ஓவன் புதுசு. கதவை மூடினால் காற்றுகூடப் புகாது. மருத்துவமனை லேபில் இருபத்தாறு வருஷம் வேலை பார்க்கிறவள் நான், நேரம் ஆகும் முன் எந்த மூடியையும் திறந்ததில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் கை கட்டி நின்றேன். மூன்று தடவையும் அதே செருப்புத் தோல்தான்.

மூன்று ட்ரேயையும் தின்று தீர்த்தவர் என் வீட்டுக்காரர். "நல்லாத்தானே இருக்கு" என்றார்.

"இது நல்லா இருக்குன்னு சொல்ற மூஞ்சியா?"

"இது மூணு வேளையும் உருளைக்கிழங்கே தின்னவன் மூஞ்சி. வேற என்ன எதிர்பார்க்கிறே?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு வருஷம் கழித்து வருகிறவனுக்கு இதையா போடுவது?

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு வருகிறேன் என்றவன் பதினொன்றரைக்கே வந்துவிட்டான். ட்ரே அப்போதுதான் உள்ளே போயிருந்தது. நான் கிழங்கு மாவு ஒட்டிய கையோடு கதவைத் திறந்தேன். முன்பக்கம் முடி கொட்டியிருந்தது. புதிதாக மூக்குக் கண்ணாடி போட்டிருந்தான். ஒரு நொடி அப்பாதான் வந்து நிற்கிறார் என்று நினைத்துவிட்டேன்.

"நல்லா இருக்கீங்களா?" என்றான்.

"இருக்கேன். உள்ள வா."

முன்னறையில் வீட்டுக்காரர் அவனிடம் ரயிலைப் பற்றிக் கேட்டார், அவன் சொன்னான். பிறகு இருவரும் சுவரைப் பார்த்தார்கள். பையை அவன் காலுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தான், கைப்பிடியிலிருந்து விரலை எடுக்கவில்லை. நான் சமையலறைக்கு ஓடிவந்து காரணமே இல்லாமல் குழாயைத் திறந்துவிட்டேன். மேஜையில் செருப்புத் தோலை வைக்கப் போகிறேன், இவன் மரியாதையாகத் தின்றுவிட்டு மூணு மணிக்குப் போய்விடுவான், அவ்வளவுதான் என்று தோன்றியது.

அப்போது அவனே உள்ளே வந்தான். மூக்கை உறிஞ்சினான். "ரோஸ்டா?" என்றான்.

தலையாட்டினேன். அலமாரியில் எட்டாத சாமானை எடுக்க நான் வைத்திருக்கும் பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்து ஓவனுக்கு முன்னால் போட்டு, கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். யாரும் சொல்லவில்லை, அவன் உடம்பு தானாகச் செய்தது.

"இதுக்கு ஆள் வேண்டாம்டா, நல்லாவே மூடும்" என்றேன்.

"அப்படியா?" என்று திரும்பினான். உடனே மெக்கானிக் ஆகிவிட்டான். கதவு ஓரத்து ரப்பரை விரலால் தடவிப் பார்த்தான். "ரொம்ப நல்லா மூடுதே. அப்புறம் ஆவி எப்படி வெளிய போகும்?" என்று கேட்டுக்கொண்டே கதவைத் திறந்துவிட்டான்.

"மூடுடா! சூடு போயிடும்!" என்று கத்தினேன். அச்சு அசல் அம்மாவின் குரல், என் வாயிலிருந்து.

அவன் மூடவில்லை. ஒன்று, இரண்டு என்று நிதானமாகப் பதினைந்து வரை எண்ணினான். குபுகுபுவென்று வந்த ஆவி அவன் கண்ணாடியை மறைத்தது, என் ஜன்னலையும் மறைத்தது. அதற்குப் பிறகுதான் கதவைச் சாத்தினான். "இருபது நிமிஷம் கழிச்சு இன்னொரு தடவை" என்றான்.

எனக்கு வந்த கோபத்தில் நாலு வருஷமும் மறந்துபோயிற்று. "இன்னும் திருந்தவே இல்லையாடா நீ? இதுக்காக என்கிட்ட எத்தனை கிள்ளு வாங்கியிருக்கே?"

"நிறைய" என்று இடது கையை நீட்டிக் காட்டினான். "எல்லாம் அப்பாவுக்காக வாங்கினது."

"அப்பாவுக்காகவா?"

"அப்பாதானே திறக்கச் சொல்வாரு." கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தான். "உனக்கு நிஜமாவே தெரியாதா? 'ஈரம் வெளிய போனாத்தான் துணி விறைப்பா நிக்கும், கிழங்கும் அப்படித்தாண்டா சக்கரம்'னு சொல்வாரு. லாண்டிரிக்காரர் ஆச்சே. ரெண்டு தடவை திறக்கணும், பதினஞ்சு எண்ணி மூடணும். ஆனா அம்மாகிட்ட அதைச் சொல்ல முடியுமா? அம்மா ஓவன், அம்மா சட்டம். அதனால அவர் முன்ரூமுக்குப் போய் கண்ணாடியைக் காணோம்னு குரல் கொடுப்பாரு. அம்மா அந்தப் பக்கம் போனதும் நான் இந்தப் பக்கம் திறந்துடுவேன்."

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். செருப்பு, பேப்பர், தலையணை உறை, கடிகாரம் எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்தன.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேடா!"

"உன்கிட்டயா?" சிரித்தான். "அடுத்த நிமிஷம் அம்மா முன்னாடி போய் நிப்பே."

உண்மைதான். நின்றிருப்பேன்.

"சரி, அப்பா சொல்லலை. நீயாவது சொல்லியிருக்கலாமே. அம்மா காதைத் திருகுறாங்க, நான் கிள்ளுறேன். ஒரு தடவையாவது வாயைத் திறந்தியா?"

"அப்பா சொல்லாதேன்னாரு" என்றான் அவன், வேறு என்ன இருக்கிறது என்பதுபோல.

சொன்ன இடத்தில் ஒரு நாளாவது உட்கார்ந்திருக்கிறாயா என்று பத்துப் பேர் முன்னால் நான் கேட்டது இவனைத்தான். அப்பா சொன்ன இடத்தில் உட்கார்ந்து, சொன்னதைச் செய்து, சொல்லாதே என்றதை முப்பத்தைந்து வருஷம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தவன். அன்றைக்கு வாசலிலும் அதே மாதிரிதான் ஒன்றும் சொல்லாமல் நின்றான். எனக்கு அவமானமாக இருந்தது. என்னையே நான் கிள்ள வேண்டும் போலிருந்தது.

என் முகத்தைப் பார்த்து அவன் வேறு எதையோ நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது. "உனக்கும்தான் அப்பா வேலை கொடுத்திருந்தாரு" என்றான் சமாதானமாக. "அம்மா மட்டும் தேடினா அரை மணி ஆகும். நீ போனா ரெண்டு நிமிஷத்துல கண்டுபிடிச்சிடுவே. உனக்காகத்தான் வாரா வாரம் புது இடமா யோசிச்சு வைப்பாரு. 'உங்கக்கா கண்ணு இருக்கே, எங்க வச்சாலும் தூக்கிடுறா, இந்த வாரம் கடிகாரத்துக்குப் பின்னாடி வைக்கப்போறேன் பாரு'ன்னு என்கிட்ட வந்து பெருமையா சொல்வாரு. எனக்கு எவ்வளவு கடுப்பா இருக்கும் தெரியுமா? நான் இங்க முதுகைச் சுட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன், அவர் உன் கண்ணைப் பத்திப் பேசிக்கிட்டிருப்பாரு."

இவனுக்கும் பொறாமையா! எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

இருபது நிமிஷம் ஆனதும் அவன் ஸ்டூலிலிருந்து எழுந்தான். "இந்தத் தடவை நீ திற" என்றான். ஓவனை நேரத்துக்கு முன் திறப்பது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கை கூசியது. அம்மா போய் எத்தனையோ வருஷம் ஆகியும், எங்கிருந்தோ பார்க்கிறாள் என்று திரும்பிக்கூடப் பார்த்தேன். துண்டுகளைப் புரட்டிவிட்டுப் பதினைந்து எண்ணினேன். அவன் முன்னறைப் பக்கம் காவல் நின்றான். யாருக்காக என்று தெரியவில்லை.

ட்ரே வெளியே வந்தபோது ஓரமெல்லாம் கருஞ்சிவப்பாக, மேலெல்லாம் சொரசொரப்பாக இருந்தது. கரண்டியால் தட்டினேன். 'டொக்' என்றது. தட்டில் எடுத்துப் போடும் வரைக்கும் பொறுக்காமல் அவன் ஒன்றை அப்படியே வாயில் போட்டுக்கொண்டான். மொறுக்கென்ற சத்தம் முன்னறை வரை கேட்டிருக்கும். உள்ளே நெருப்பு. வாயைத் திறந்து 'ஹா ஹா' என்று ஊதிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர ஒற்றைக் காலில் குதித்தான். துப்பவும் மனமில்லை, விழுங்கவும் முடியவில்லை.

இப்போது இவனால் ஒரு வார்த்தை பேச முடியாது என்று எனக்குப் புரிந்தது. இந்தச் சமயத்தை விட்டால் இன்னும் நாலு வருஷம் ஆகும்.

"அன்னிக்கு வாசல்ல நான் சொன்னது தப்புடா" என்றேன். "ரயில் ஓடலைன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன். அப்பா போயிட்டாரேன்னு யார்மேலயாவது எரிஞ்சு விழணும்போல இருந்துச்சு, நீ வந்து நின்னே. அப்பா கடைசி வரைக்கும் உன்னை ஒரு வார்த்தை குறை சொல்லலை. 'சக்கரம் வந்துக்கிட்டே இருப்பான்'னுதான் சொல்லிக்கிட்டிருந்தாரு. அதை உன்கிட்ட சொல்லாம வச்சிருந்தது அதைவிடப் பெரிய தப்பு. என்னை மன்னிச்சுடு."

அவன் குதிப்பது நின்றது. வாயில் இருந்ததை மெதுவாக மென்று விழுங்கினான். ஜன்னல் பக்கம் திரும்பி, ஆவி படிந்த கண்ணாடியில் விரலால் ஏதோ கிறுக்கிக்கொண்டு நின்றான்.

"உப்பு கொஞ்சம் கம்மி" என்றான்.

சாப்பாடு முழுக்க அதைப் பற்றிப் பேச்சே எழவில்லை. இருவரும் போட்டி போட்டுக்கொண்டு தின்றோம். மூன்று நாளாகக் கிழங்கை வெறுத்திருந்த என் வீட்டுக்காரர்கூட நாலாவது துண்டுக்குக் கை நீட்டினார். ஆனால் என் மனம் ஒரு நிலையில் இல்லை. நான் கேட்டுவிட்டேன், அவன் பதில் சொல்லவில்லை. இரண்டு மணி ஆயிற்று. கை கழுவிவிட்டு முன்னறைக்குப் போனான். நான் தட்டுகளை அடுக்கிக்கொண்டே காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். பையின் ஜிப்பை இழுக்கும் சத்தம் கேட்டது. கிளம்புகிறான்.

"அக்கா!" என்று குரல் வந்தது. "என் கண்ணாடியைக் காணோமே!"

ஈரக் கையோடு ஓடினேன். பையைச் சோபாவுக்குப் பின்னால் தள்ளி வைத்துவிட்டு, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். "இப்பத்தான் இருந்துச்சு. அது இல்லாம ரயில் எண்கூடத் தெரியாது எனக்கு" என்றான். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. பேப்பரைத் தூக்கிப் பார்த்தேன். மெத்தையைப் புரட்டினேன். நிமிர்ந்தபோது அலமாரியில் கடிகாரம் தெரிந்தது. அப்பா வீட்டிலிருந்து நான் கேட்டு எடுத்துவந்த ஒரே சாமான் அதுதான். அதற்குப் பின்னாலிருந்து கண்ணாடியின் ஒரு கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

என் வீட்டுக்காரரும் அதைப் பார்த்துவிட்டார். "அதோ கடிகாரத்துக்கு..." என்று வாயெடுத்தார். அவர் கையில் நறுக்கென்று ஒரு கிள்ளு கிள்ளினேன்.

"கிடைச்சுதா?" என்றான் தம்பி.

"இல்லடா" என்றேன். என் வாயிலிருந்து வந்த முதல் பொய் அது. முழங்காலிட்டுச் சோபாவுக்கு அடியில் குனிந்து, ஒன்றுமில்லாத தரையைத் துழாவினேன். "அடுத்த ரயில் எத்தனை மணிக்கு?"

"எட்டரைக்கு ஒண்ணு இருக்கு."

"இரு, நிதானமா தேடலாம்" என்றேன்.